கணினிக் கேள்வி – பதில்: கொழுந்து கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருக்கின்றன: சொந்தமாக எழுதும் மென்பொருளில், எழுத்துப் பெட்டிக்குள் ஒரு சொல்லைத் தேடிக் காட்டும் வசதி. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். விஷுவல் ஸ்டூடியோவில் முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்தாலே சரியான எழுத்துக்கூட்டல் பட்டியலில் வந்துவிடும்.

கேள்வி: தோட்ட ஆபீஸ் ஒன்றுக்காக சி ஷார்ப்பில், வின்டோஸ் ஃபார்ம்ஸில் சிறிய மென்பொருள் எழுதுகிறேன். செக்ரோல் (தொழிலாளரின் வேலை நாள், சம்பளக் கணக்கு) குறிப்புகள் முழுவதும் ஒரே பெரிய டெக்ஸ்ட்பாக்ஸில் வருகின்றன. நோட்பேடில் இருப்பதைப் போல 'ஃபைண்ட்' வைக்க வேண்டும். இன்டெக்ஸ்ஆஃப் போட்டேன், இடத்தின் எண் சரியாகவே வருகிறது. ஆனால் பெட்டியில் ஒன்றுமே நீலமாகவில்லை. — வாசகர், ஹட்டன்

உங்கள் தேடலில் பிழை இல்லை. சொல் தெரிவாகியும் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. டெக்ஸ்ட்பாக்ஸுக்கு 'ஹைட்செலக்‌ஷன்' என்றொரு பண்பு உண்டு. அது தொடக்கத்திலேயே 'ட்ரூ' ஆக இருக்கும். அதாவது கர்சர் வேறு இடத்துக்குப் போனதும் தெரிவு நிறம் மறைந்துவிடும். தேடும் சொல்லை அடிக்க நீங்கள் வேறொரு சிறு பெட்டிக்குப் போயிருக்கிறீர்கள், பட்டனையும் அழுத்தியிருக்கிறீர்கள். நிறம் எப்படித் தெரியும்? ப்ராப்பர்ட்டீஸ் பட்டியலில் ஹைட்செலக்‌ஷனை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். பலர் இதைத் தெரியாமல் ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் 'ஃபோகஸ்' கட்டளை கொடுத்துக் கர்சரைப் பெரிய பெட்டிக்கு இழுத்து வருகிறார்கள். நிறம் தெரியும், உண்மைதான். ஆனால் அடுத்த தடவை என்டர் அழுத்தினால், தெரிவான சொல் அழிந்து அங்கே ஒரு புது வரி முளைக்கும். செக்ரோல் குறிப்பில் அப்படி ஒரு பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) காணாமல் போனால் சம்பள நாளில்தான் தெரியவரும்.

இனித் தேடலின் உள்வேலை. ஒரு சிறு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் இருப்பது 'கொழுந்து 18, கொழுந்து 21' என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குக் 'கொழுந்து' 8 எழுத்துக்குறிகள்: க, ொ, ழ, ு, ந, ், த, ு. முதல் கொழுந்து 0ஆம் இடத்தில் தொடங்குகிறது, இரண்டாவது 13ஆம் இடத்தில். முதல் தேடல் 0 என்று சொல்லும். 'செலக்ட்' கட்டளைக்கு 0, 8 என்று கொடுக்கிறீர்கள். அடுத்த தேடலை எங்கிருந்து தொடங்குவது? 'செலக்‌ஷன்ஸ்டார்ட்' (தெரிவு தொடங்கும் இடம்) இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கினால் மறுபடியும் 0தான் வரும், எத்தனை தடவை அழுத்தினாலும் அதே கொழுந்து. செலக்‌ஷன்ஸ்டார்ட்டோடு 'செலக்‌ஷன்லெங்த்'தை, அதாவது தெரிவின் நீளத்தைக் கூட்டி, 8இலிருந்து தொடங்கினால் 13 கிடைக்கும்.

கடைசியாகக் கிடைத்த இடத்தைத் தனி மாறி ஒன்றில் சேமித்து வைக்காதீர்கள். இடையில் யாராவது நாலு வரியை அழித்தால் அந்த எண் பழசாகிவிடும். எழுத்தின் மொத்த நீளத்தைத் தாண்டிப் போனால் 'ஆர்கியுமென்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மென்பொருள் விழுந்துவிடும். கர்சர் இருக்கும் இடத்தையே நம்புங்கள். பாவிப்பவர் வேறு வரியில் கிளிக் செய்தால் தேடலும் அங்கிருந்து தொடரும், அதைத்தான் அவரும் எதிர்பார்ப்பார்.

தேடும் பட்டனுக்குள் வர வேண்டிய வரிசை இதுதான். முதலில், தேடும் சொல் வெறுமையா என்று பாருங்கள். வெறுஞ்சொல்லைக் கொடுத்தால் இன்டெக்ஸ்ஆஃப் தொடங்கிய இடத்தையே திருப்பித் தரும், பட்டன் செத்துப்போனது மாதிரி இருக்கும். அடுத்து, மேலே சொன்ன கூட்டுத்தொகையிலிருந்து தேடுங்கள். இன்டெக்ஸ்ஆஃபுக்கு மூன்றாவதாக 'ஸ்ட்ரிங்கம்பாரிசன் ஆர்டினல் இக்னோர்கேஸ்' கொடுக்க மறக்க வேண்டாம், காரணம் அடுத்த பதிலில் வருகிறது. –1 (கிடைக்கவில்லை என்பதன் அடையாளம்) வந்தால் 0இலிருந்து இன்னொரு தடவை தேடி, கீழே ஸ்டேட்டஸ் வரியில் 'மேலிருந்து தொடர்கிறது' என்று காட்டுங்கள். அப்போதும் –1 என்றால்தான் 'இல்லை'. கிடைத்தால் செலக்ட், அதன் பிறகு 'ஸ்க்ரோல்டுகேரட்'. இந்தக் கடைசிக் கட்டளையை விட்டால் 300ஆவது வரியில் இருக்கும் சொல் தெரிவாகும், திரையோ முதல் வரியிலேயே நிற்கும்.

முந்தியதைத் தேடுவதற்கு 'லாஸ்ட்இன்டெக்ஸ்ஆஃப்'. இதற்குக் கொடுக்கும் எண்ணிலிருந்து அது பின்னோக்கிப் போகும். கிடைக்கும் சொல் முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். ஆகவே செலக்‌ஷன்ஸ்டார்ட்டிலிருந்து 1 கழித்துக் கொடுங்கள். அது 0 ஆக இருந்தால் கழித்ததும் –1 ஆகி மென்பொருள் விழும். அந்த இடத்தில் மட்டும் எழுத்தின் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பெட்டியே காலியாக இருந்தால் தேடாமல் திரும்பிவிடுங்கள்.

தேடும் சிறு ஜன்னலை 'ஷோடயலாக்' கொண்டு திறக்காதீர்கள். அது மூடும்வரை பின்னால் இருக்கும் குறிப்பைத் தொடவே முடியாது. 'ஷோ' போதும், அடைப்புக்குள் 'திஸ்' கொடுத்தால் ஜன்னல் எப்போதும் முன்னாலேயே நிற்கும். மூடும்போது 'ஃபார்ம்குளோசிங்' நிகழ்வில் பாவிப்பவரே மூடுகிறாரா என்று பார்த்து, மூடுவதை ரத்துச் செய்து 'ஹைட்' பண்ணுங்கள். அடித்த சொல் அடுத்த தடவைக்கும் அப்படியே இருக்கும். வின்டோஸ் ஃபார்ம்ஸுக்குப் பதிலாக டபிள்யூபிஎஃப் என்ற இன்னொரு ஜன்னல் அமைப்பைப் பாவிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே இதே மறையும் நிறத்துக்கு 'இஸ்இன்ஆக்டிவ்செலக்‌ஷன்ஹைலைட்எனேபிள்ட்' என்று வேறு பெயர்.

கேள்வி: 'கொழுந்து', 'தோட்டம்' இரண்டையும் தேடினால் சில வரிகளில் கிடைக்கிறது, சில வரிகளில் இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான். 'மலை' என்று தேடினால் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. — வாசகி, பண்டாரவளை

மலை கிடைக்கிறது, கொழுந்தும் தோட்டமும் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. கிடைக்காத இரண்டிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறது: கொ, தோ. யூனிகோடில் இந்த ஒலிக்குறியை இரண்டு வழியில் எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே.

சந்தேகம் இருந்தால் கிடைக்காத வரியிலிருந்து 'கொ'வை மட்டும் எடுத்து, ஒவ்வோர் எழுத்துக்குறியையும் 'இன்ட்' ஆக மாற்றி அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றில் 2965, 3018 என்று வரும். மற்றதில் 2965, 3014, 3006. முதல் கொழுந்து 8 குறி, இரண்டாவது 9 குறி. ஆர்டினல் தேடல் எண்ணுக்கு எண் ஒப்பிடும், ஆகவே இரண்டும் அதற்கு வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில கருவிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடுகின்றன. உங்கள் பழைய வரிகள் அப்படி வந்தவையாக இருக்கலாம்.

மருந்து 'நார்மலைஸ்' என்ற கட்டளை. வேறொன்றும் குறிப்பிடாவிட்டால் அது பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும். ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பெட்டியில் இருப்பதை நகலெடுத்து, நகலை மட்டும் நார்மலைஸ் பண்ணித் தேடினால் சொல் கிடைக்கும், இடம் பிசகும். முன்னால் இருக்கும் ஒவ்வொரு பிரிந்த 'கொ'வுக்கும் ஒரு குறி குறைந்திருக்குமல்லவா? பத்துக் கொழுந்து தாண்டியதும் தெரிவு பத்து எழுத்து முன்னால் தள்ளி நிற்கும். ஆகவே கோப்பைத் திறந்து பெட்டிக்குள் போடும்போதே ஒரு தடவை நார்மலைஸ் பண்ணிவிடுங்கள். தேடும் சொல்லையும் தேடுவதற்கு முன் அப்படியே செய்யுங்கள். இரு பக்கமும் ஒரே வடிவமானால் இடமும் பிசகாது.

'ஆர்டினல் ஏன், மூன்றாவது சொல் இல்லாமலே சில வேளை கிடைக்கிறதே' என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லை மட்டும் கொடுக்கும் இன்டெக்ஸ்ஆஃப் மொழி சார்ந்த ஒப்பீட்டைச் செய்யும். இந்த இரு வடிவங்களையும் ஒன்றாக எண்ணக்கூடியது. ஆனால் அது கண்டது 9 குறி, நீங்கள் செலக்டுக்குக் கொடுப்பது 8. கடைசிக் குறி வெளியே நிற்கும். போதாததற்கு 'கன்டெய்ன்ஸ்' எப்போதும் ஆர்டினல் முறையிலேயே பார்க்கும். ஒரு கட்டளை 'இல்லை' என்னும், மற்றது 'இருக்கிறது' என்னும். ஒரே முறையைப் பிடித்துக்கொள்வதுதான் புத்தி.

நார்மலைஸ் தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. 'பௌர்ணமி'யை ஔ குறியால் எழுதாமல், பகரம், கொம்பு, அதன்பின் ளகர எழுத்து என்று தட்டியிருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அது பச்சை எழுத்துப்பிழை, 3020க்குப் பதிலாக 3014, 2995. இதை ஒரேயடியாக 'ரிப்ளேஸ்' போட்டுத் திருத்த நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமையிலும் வெள்ளத்திலும் தெளிவிலும் அதே கொம்பும் ளகரமும்தான் முறைப்படி இருக்கின்றன. எல்லாம் நாசமாகிவிடும். வேண்டிய நாலைந்து சொற்களை மட்டும் முழுச்சொல்லாகப் பிடித்துத் திருத்துங்கள்.

கேள்வி: எங்களிடம் பாமினியில் அடித்த பழைய கோப்புகள் நிறைய உண்டு. பெட்டிக்கு பாமினி எழுத்துருவே கொடுத்துத் தமிழில் காட்டுகிறேன். 'கடை' என்று தேடினால் 'குடை'யையும் பிடித்துத் தருகிறது. — வாசகர், தலவாக்கலை

மழைக்காலத்தில் குடை கிடைத்தால் நல்லதுதான், ஆனால் இது வேறு கதை. பாமினியில் தமிழ் எழுத்து என்பது வெறும் முகம். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. 'கடை' உள்ளே சின்ன எஃப், சின்ன ஐ, சின்ன எல். 'குடை' பெரிய எஃப், சின்ன ஐ, சின்ன எல். பாமினியில் பல மெய்களுக்குச் சின்ன எழுத்து அகர வரிசை, அதே பெரிய எழுத்து உகர வரிசை. க–கு, த–து, ம–மு எல்லாம் அப்படித்தான். நீங்கள் 'இக்னோர்கேஸ்' கொடுத்திருக்கிறீர்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று என்று கணினிக்குச் சொன்னால் கவும் குவும் ஒன்றாகிவிடும். பாமினிக் கோப்புக்கு வெறும் 'ஆர்டினல்' மட்டும் கொடுங்கள்.

தேடும் சொல்லை அடிக்கும் சிறு பெட்டிக்கும் பாமினியே கொடுத்திருக்க வேண்டும். அங்கே யூனிகோடில் அடித்தால் ஆயுளுக்கும் கிடைக்காது.

எங்களைக் கேட்டால், தேடலைப் பாமினிக்கு ஏற்றபடி வளைப்பதைவிடக் கோப்பை ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மூலத்தின் ஒரு பிரதியைக் கட்டாயம் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு பொறி: கோப்புக்குள் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றுக்கருவி அவற்றையும் தமிழாக நினைத்து எழுத்துக் குப்பையாக்கிவிடும். சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எது எந்த எழுத்துரு என்ற அடையாளமே இராது, அதனால் கருவியைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சொற்களைக் கையாலேயே திருத்த வேண்டும்.

கேள்வி: சிங்களமும் தமிழும் கலந்த குறிப்புகள். சிங்களத்தில் 'ஸ்ரீ' வரும் பெயர்களைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறது. தமிழ் 'ஸ்ரீ'யிலும் அதே தொல்லை. — வாசகர், மாத்தளை

இரண்டுக்கும் காரணம் வேறு.

சிங்கள 'ஸ்ரீ'யில் ரகரம் முன்னெழுத்தின் கீழ் வளைவாகச் சேர்வதற்கு, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி போட வேண்டும். அதன் பெயர் 'ஜீரோ வித் ஜாயினர்', எண் 8205. சிலர் அடிக்கும்போது அது விடுபட்டுப்போகும், சில இடங்களில் வெட்டி ஒட்டும்போது உதிர்ந்துபோகும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் ஆர்டினல் தேடல் தோற்கும். அதற்காகக் குறிப்பிலிருந்து 8205ஐ எல்லாம் துடைத்துவிடாதீர்கள், சிங்கள எழுத்து திரையில் உடைந்து தெரியும். நகலில் மட்டும் துடையுங்கள், கூடவே ஒரு இட அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை என்பது ஓர் எண் வரிசைதான். மூலத்தை ஒவ்வொரு குறியாகப் படியுங்கள். 8204 (இதற்கு எதிரான, சேராமல் பிரித்து நிறுத்தும் குறி) அல்லது 8205 என்றால் தாண்டுங்கள். மற்றதை நகலில் சேர்த்து, அது மூலத்தில் எத்தனையாவது இடம் என்பதை வரிசையில் எழுதுங்கள். தேடும் சொல்லிலும் அந்த இரண்டையும் நீக்கிவிட்டு, நகலில் தேடுங்கள். நகலில் 40ஆம் இடத்தில் 5 குறி நீளத்துக்குக் கிடைத்தால், மூலத்தில் தொடக்கம் வரிசையின் 40ஆவது எண். முடிவு 44ஆவது எண்ணோடு ஒன்று கூட்டியது. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் செலக்டுக்கு வேண்டிய நீளம். நகலில் நீளம் 5 என்றாலும் மூலத்தில் 6 ஆக இருக்கலாம், அதைத்தான் இந்தக் கழித்தல் சரிசெய்கிறது. அடுத்த தேடலின் தொடக்க இடத்தையும் இதே அட்டவணை வழியாகத்தான் நகலின் எண்ணாக மாற்ற வேண்டும், அதை மறந்தால் ஒரே இடத்தில் சுற்றும்.

தமிழ் 'ஸ்ரீ'யில் முதல் எழுத்து சிலரிடம் ஸகரம், எண் 3000. சிலரிடம் ஶகரம், எண் 2998. இந்த ஶகரம் யூனிகோடுக்கு 2005இல் தான் வந்தது, அதற்கு முந்திய கோப்புகளில் ஸகரமே இருக்கும். நார்மலைஸ் இதைத் தொடாது. நகலிலும் தேடும் சொல்லிலும் 2998ஐ 3000 ஆக்கிவிட்டால் போதும், ஒன்றுக்கு ஒன்று என்பதால் இடம் மாறாது.

கேள்வி: 'பேர்' என்று தேடினால் 'அரைப்பேர்' எல்லாம் வருகிறது. முழுச்சொல்லை மட்டும் பிடிப்பது எப்படி? — வாசகி, நுவரெலியா

கிடைத்த சொல்லுக்கு முந்திய குறியையும் பிந்திய குறியையும் பாருங்கள். இரண்டில் ஒன்று எழுத்தாகவோ எழுத்தோடு ஒட்டும் குறியாகவோ இருந்தால் அது முழுச்சொல் அல்ல, அடுத்ததைத் தேடுங்கள். 'அரைப்பேர்' என்பதில் பேருக்கு முன்னால் புள்ளி நிற்கிறது, ஆகவே தள்ளப்படும். 'இஸ்லெட்டர்' மட்டும் போட்டுச் சோதித்தால் இங்கே ஏமாறுவீர்கள், புள்ளி எழுத்தல்ல என்று சொல்லிவிடும். 'யூனிகோட்கேட்டகரி'யில் 'நான்ஸ்பேசிங்மார்க்', 'ஸ்பேசிங்கம்பைனிங்மார்க்' இரண்டையும் சேருங்கள். தமிழுக்கு இரண்டும் வேண்டும்: புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை, கால், கொம்பு, உகரம் எல்லாம் இரண்டாவது வகை.

முழுச்சொல் தேடலைத் தொடக்கத்திலேயே டிக் போட்டு வைக்காதீர்கள். தமிழில் 'தோட்டம்' எப்போதும் தோட்டமாகவே நிற்பதில்லை. தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டங்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். 'தோட்ட' என்று பாதியை அடித்துத் தேடுகிறவருக்குத்தான் எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: பைத்தானில், டிகின்டர் என்ற ஜன்னல் தொகுப்பைக் கொண்டு எல்லா இடத்தையும் மஞ்சளாக்க ஒரு 'வைல்' சுழற்சி எழுதினேன். மென்பொருள் அப்படியே உறைந்துவிடுகிறது. — மாணவர், பதுளை

'சர்ச்' கட்டளைக்கு 'ஸ்டாப்இன்டெக்ஸ்' கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அது கடைசி வரைக்கும் போய் மறுபடி மேலிருந்து தொடங்கும். சொல் ஒரு தடவை இருந்தாலே போதும், சுழற்சி முடியாது. ஸ்டாப்இன்டெக்ஸுக்கு 'எண்ட்' கொடுங்கள். வெறுஞ்சரம் திரும்பி வந்தால் சுழற்சியை விட்டு வெளியேறுங்கள். கிடைத்தால் 'டேக்_ஆட்' கொண்டு நிறம் பூசி, தொடக்கத்தைச் சொல்லின் நீளமளவு முன்னால் தள்ளுங்கள். புதிதாகத் தேடும் முன் பழைய டேகை 'டேக்_ரிமூவ்' கொண்டு நீக்க வேண்டும், இல்லையெனில் பெட்டி முழுக்க மஞ்சள் குளிக்கும்.

முழுச்சொல்லுக்கு பைத்தானின் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைக் கொடுத்துத் தேடும் முறை) தரும் சொல்லெல்லையை நம்ப வேண்டாம். அது தமிழ்ப் புள்ளியையும் காலையும் சொல்லின் பகுதியாக எண்ணாது, சொல்லின் நடுவிலேயே எல்லை போடும். மேலே நுவரெலியா வாசகிக்குச் சொன்ன சோதனையை 'யூனிகோட்டேட்டா'வின் 'கேட்டகரி' கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் தெரிவு கீழே போகப்போகத் தள்ளித் தள்ளி நிற்கிறது. — வாசகர், வெலிமடை

கோப்பிலிருந்து படித்த சரத்தில் தேடுகிறீர்கள் போலும். அதில் ஒவ்வொரு வரி முடிவும் இரண்டு குறி. ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ் அதையே ஒரு குறியாக வைத்துக்கொள்ளும். 40ஆவது வரியில் 39 இடம் பிசகும். பெட்டியின் 'டெக்ஸ்ட்' பண்பிலேயே தேடுங்கள், அல்லது அதற்கென்றே இருக்கும் 'ஃபைண்ட்' கட்டளையைப் பாவியுங்கள்.

கேள்வி: கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் ஜன்னல் திறக்க வேண்டும். தேடும் பெட்டியில் என்டர் அழுத்தும்போது 'டிங்' என்று சத்தமும் வருகிறது. — வாசகர், கம்பளை

மெனுவில் 'தேடு' என்றொரு வரி வைத்து, அதன் 'ஷார்ட்கட்கீஸ்' பண்பில் கன்ட்ரோல் எஃப் தெரிவு செய்தால் ஒரு வரி நிரல்கூட வேண்டாம். அடுத்ததுக்கு எஃப்3, முந்தியதுக்கு ஷிஃப்ட் எஃப்3 என்பது எல்லோருக்கும் கை பழகியது, அதையே வையுங்கள். சத்தத்துக்கு, தேடும் ஜன்னலின் 'ஆக்செப்ட்பட்டன்' பண்பில் உங்கள் தேடும் பட்டனைக் கொடுங்கள். பட்டனே வைக்கவில்லையென்றால் 'கீடவுன்' நிகழ்வில் என்டரைப் பிடித்து 'சப்ரெஸ்கீப்ரெஸ்'ஸை 'ட்ரூ' ஆக்குங்கள். 'ஹேண்டில்ட்' மட்டும் போட்டால் சத்தம் நிற்காது.